துடைத்துப் பார்த்து வாங்குங்கள்: மருத்துவக் கருவிகளின் வடிவமைப்பும் தொற்றுக் கட்டுப்பாடும்

அடுத்த முறை ஒரு இன்ஃப்யூஷன் பம்ப் (நரம்பு வழியே மருந்தை அளவாகச் செலுத்தும் கருவி) கையில் கிடைத்தால், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். திரையும் முகப்பும் பளிச்சென்று இருக்கும். ஸ்டாண்டில் மாட்டும் கிளாம்பின் திருகு மரைக்குள் மட்டும் ஏதோ வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். சொட்டிய மருந்தாக இருக்கலாம், குளுக்கோஸாகவும் இருக்கலாம். துடைத்தவர் சரியாகத் துடைக்கவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். சரி, ஒரு ஈரத் துடைப்பானை எடுத்து நீங்களே அந்த மரையைச் சுத்தம் செய்து பாருங்கள். துணி உள்ளே போகாது. பிரஷ் வேண்டும். வார்டில் பிரஷ் இருக்காது. இருந்தாலும், ஒரு ஷிஃப்டில் இருபது பம்புக்கு அப்படித் தேய்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அந்த அழுக்குக்கான இடம் பம்பை வரைந்த மேசையிலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது.

இது வெறும் அழகுப் பிரச்சினையாக இருந்தால் விட்டுவிடலாம். உலர்ந்த பரப்பில் கிருமிகள் எவ்வளவு நாள் தாங்கும் என்று 2006-ல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று இன்றும் பலரால் எடுத்துக்காட்டப்படுகிறது. அதன்படி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் 7 நாள் முதல் 7 மாதம் வரை உயிரோடு இருக்கும். அசினிடோபாக்டர் 3 நாள் முதல் 5 மாதம் வரை. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் வித்துகளுக்கு, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் அதன் வடிவத்துக்கு, 5 மாதம். நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். அவரிடமிருந்து வந்தது கட்டில் கம்பியிலும் கேபிளிலும் காத்திருக்கும்.

கருவி வாங்கும் குழுவில் உட்காருபவர்கள், பயோமெடிக்கல் பொறியாளர்கள், தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கருவியை வடிவமைப்பவர்கள் படித்தால் இன்னும் நல்லது. வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதுதான் இதில் அதிகம். வாங்கிய பிறகு ஓட்டையை அடைக்க வழி குறைவு.

படி 1: கருவி எதைத் தொடுகிறது?

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஏர்ல் ஸ்பால்டிங் 1950-களில் முன்வைத்த பாகுபாடுதான் இன்றும் அடிப்படை. உடலின் கிருமியற்ற பகுதிக்குள்ளோ இரத்தத்துக்குள்ளோ போகும் கருவிக்கு முழுக் கிருமி நீக்கம் வேண்டும். வாய், குடல் போன்ற ஈரச் சவ்வைத் தொடுவதற்கு உயர்நிலைக் கிருமிநீக்கம், அதாவது சில வித்துகள் தவிர மற்றக் கிருமிகளைக் கொல்லும் முறை. நல்ல தோலை மட்டும் தொடுவதற்கும், எதையும் தொடாமல் பக்கத்தில் நிற்பதற்கும் துடைத்துக் கிருமிநாசினி இட்டால் போதும்.

மூன்றாவது வகையில் விழும் கருவிகளைத்தான் நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். எண்ணிக்கையில் அதிகம் அவைதான், ஒரு நாளில் அதிகக் கைகள் படுவதும் அவற்றின் மேல்தான். வகை பிரிக்கும்போது கருவியை ஒரே பொருளாகப் பார்க்காமல் பாகம் பாகமாகப் பாருங்கள். பிறப்புறுப்பு வழியே வைக்கும் அல்ட்ராசவுண்ட் புரோபை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் முனைக்கு உறை போட்டு, பிறகு உயர்நிலைக் கிருமிநீக்கமும் செய்வார்கள். அதே கையுறையோடு பிடித்த கைப்பிடியை மறந்துவிடுவார்கள். சில வகைக் கிருமிநாசினித் தொட்டிகளில் முனை மட்டும்தான் முழுகும். கைப்பிடி வெளியே நிற்கும். மறதிக்கு அந்த அமைப்பே வழிசெய்து கொடுத்துவிடுகிறது.

குளுக்கோமீட்டரும் இப்படித்தான். தோலைக்கூடத் தொடாத சின்னப் பெட்டி என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு இரத்தம் அதன் வாயருகே வருகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில் 7 நாளாவது தாங்கும். நடுவில் சுத்தம் செய்யாமல் ஒரே மீட்டரைப் பலருக்கும் பயன்படுத்திய இடங்களில் அந்த வைரஸ் பரவியிருக்கிறது.

படி 2: விலை பேசுவதற்கு முன் கையேட்டைக் கேளுங்கள்

விற்பனைப் பிரதிநிதி கொண்டுவரும் வண்ணத் தாளில் சுத்தம் பற்றி ஒரு வரிகூட இருக்காது, அல்லது "எளிதில் துடைக்கலாம்" என்று மட்டும் இருக்கும். முழுக் கையேட்டில் சுத்தம் செய்யும் அத்தியாயத்தைக் கேட்டு வாங்குங்கள். கருவியை எப்படிச் சுத்தம் செய்வது என்ற தகவலைத் தயாரிப்பாளர் கொடுத்தாக வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 17664 என்ற தரநிலையே இருக்கிறது. 2021-ல் வந்த அதன் இரண்டாம் பகுதி, நான் மேலே சொன்ன மூன்றாவது வகைக் கருவிகளுக்கானது.

படிக்கும்போது தேட வேண்டியவை: கிருமிநாசினியின் வேதிப்பொருள் பெயரும் செறிவும் சொல்லியிருக்கிறார்களா? பரப்பு எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று இருக்கிறதா? எந்தப் பாகத்தைக் கழற்ற வேண்டும், அதற்கு ஸ்குரூடிரைவர் போன்ற எதுவும் தேவையா? "மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்த மென்துணி" என்பதோடு ஒரு கையேடு முடிந்துவிட்டால், அந்தப் பொருளை வீட்டு வரவேற்பறையில் வைக்கலாம், ஐ.சி.யூ.வில் வைக்க முடியாது. "ஆல்கஹால் கூடாது, குளோரின் கூடாது, அம்மோனியம் சேர்மம் கூடாது" என்று எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, வேறு எதைப் பயன்படுத்தலாம் என்று சொல்லாத கையேடுகளும் உண்டு. அப்படிப்பட்டதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் மருத்துவமனையில் இப்போது பயன்பாட்டில் உள்ள கிருமிநாசினிகளின் பட்டியலை அனுப்பி, "இவற்றைத் தினமும் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லுமா?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். குறைந்தது இரண்டு வேறு வேதி வகைகளாவது ஏற்புடையதாக இருக்க வேண்டும். ஒன்று கிடைக்காமல் போனால் அல்லது வித்துக் கிருமி பரவினால் மாற்று வேண்டும் அல்லவா?

படி 3: கண்ணாலும் விரலாலும் தேடுங்கள்

டெமோவுக்கு வந்த கருவியை மின்சாரம் போடாமல், நல்ல வெளிச்சத்தில், மேசை மேல் வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நகத்தின் நுனியால் அதன் மேல் மெதுவாகக் கோடு இழுத்துக்கொண்டே வாருங்கள். நகம் எங்கெல்லாம் தட்டுகிறதோ அங்கெல்லாம் அழுக்கும் தங்கும்.

முதலில் இணைப்புக் கோடுகள். இரண்டு பிளாஸ்டிக் பாதிகள் சேரும் இடத்தில் ஒரு பிளவு இருக்கும். அது முகப்பில், கை அடிக்கடி படும் இடத்தில், படுக்கைக் கிடையாகப் போகிறதா என்று பாருங்கள். சிந்தும் திரவம் அதில்தான் வழிந்து நிற்கும். நல்ல வடிவமைப்பில் அந்தக் கோடு பக்கவாட்டுக்கோ பின்பக்கத்துக்கோ தள்ளப்பட்டிருக்கும், நடுவில் ரப்பர் அடைப்பு இருக்கும்.

அடுத்து உள்மூலைகள். இரண்டு பரப்பு 90 பாகையில் கூர்மையாகச் சந்தித்தால் துணியின் மடிப்பு அந்தக் கோட்டைத் தொடாமலே கடந்து போய்விடும். உணவுத் தொழிற்சாலை இயந்திரங்களில் உள்மூலைக்குக் குறைந்தது 3 மில்லிமீட்டர் வளைவு வைப்பது பழைய வழக்கம். பால் தொட்டிக்கு இருக்கும் அக்கறை நோயாளியின் கட்டிலுக்கும் இருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

பரப்பின் சொரசொரப்பிலும் அதே துறையிலிருந்து ஒரு அளவு கிடைக்கிறது: சராசரிச் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீட்டருக்குள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர். அதைவிட ஆழமான குழிகள் நிறைந்த பரப்பில் கிருமி துணிக்கு எட்டாமல் உட்கார்ந்துகொள்ளும். கீறல் தெரியக் கூடாது என்பதற்காகப் பல கருவிகளின் உறையில் தோல் போன்ற புள்ளிப் புள்ளியான மேற்பரப்பு கொடுக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், பிடிக்கவும் வழுக்காது. துடைத்துப் பார்த்தால் துணியின் நூல் அதில் சிக்கிக் கிழியும்.

பிறகு பொத்தான்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும்பி நின்றால், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு அகழி உண்டு. ஒரே தகடாக மூடிய சவ்வுப் பொத்தான் பலகை மேல். ஆனால் அதன் ஓரம் ஒட்டப்பட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். முதலில் பிரிவது அதுதான். தொடுதிரையாக இருந்தால், துடைப்பதற்கென்று திரையைப் பூட்டும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்து ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் திரையைத் துடைத்தால் அளவு மாறிவிடுமோ என்ற பயத்திலேயே பல நர்ஸ்கள் திரையின் ஓரத்தை மட்டும் துடைத்துவிட்டு நகர்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது.

திருகுத் தலைகளின் பள்ளம், காற்றுத் துளை, சுருள் கேபிள், கையில் சுற்றும் இரத்த அழுத்தக் கப்பிலும் பட்டையிலும் உள்ள வெல்க்ரோ, கைப்பிடியின் அடிப்பக்கம், சக்கரத்தின் அச்சு, விலைச்சீட்டும் சொத்து எண் ஸ்டிக்கரும் ஒட்டும் இடம்: இவற்றையும் விடாதீர்கள். சுருள் கேபிளைப் பற்றி எனக்கு ஒரே கருத்துத்தான், வாங்காதீர்கள். நேர் கேபிளை ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். இரத்த அழுத்தக் கப்பில் துணிக்குப் பதில் மேற்பூச்சுள்ளதைக் கேளுங்கள். வெல்க்ரோவைத் தவிர்க்கவே முடியாவிட்டால், ஒரு நோயாளிக்கு ஒரு கப் என்று ஒதுக்கும் அளவுக்கு மலிவானதாக வாங்குங்கள்.

ஒரு சின்ன விஷயம், நிறம். கரும்பழுப்பும் அடர்சாம்பலும் அழுக்கை மறைக்கும். வெளிர் நிறம் காட்டிக் கொடுக்கும். காட்டிக் கொடுப்பதுதான் நமக்கு வேண்டும்.

படி 4: பிளாஸ்டிக்கும் கிருமிநாசினியும் ஒத்துப்போகிறதா?

எனக்குத் தெரிந்த அளவில் இந்த ஒன்றில்தான் அதிகப் பணம் வீணாகிறது. கருவி வந்து ஓராண்டில் உறை விரிசல் விடும். "யாரோ கீழே போட்டுவிட்டார்கள்" என்று பதிவேட்டில் எழுதுவார்கள். விரிசல் எங்கே தொடங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். திருகு இறங்கும் துளையைச் சுற்றி, கொக்கி மாட்டும் இடத்தில், கூர்மூலையில் தொடங்கியிருந்தால் கீழே விழுந்ததைக் குற்றம் சொல்லாதீர்கள். பிளாஸ்டிக் வார்க்கப்படும்போதும் இறுக்கப்படும்போதும் அந்த இடங்களில் உள்ளழுத்தம் தங்கிவிடுகிறது. கிருமிநாசினி நாள்தோறும் அதன் மேல் பட்டால், வேறு எங்கும் பாதிப்பில்லாமல் அங்கே மட்டும் மயிரிழை விரிசல் விடும். பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். என்ற இரண்டு பிளாஸ்டிக் வகைகளும் இதற்குப் பேர் போனவை. மருத்துவக் கருவி உறைகளில் அதிகம் இருப்பதும் அவைதான்.

விரிசல் என்றால் உடைந்த கருவி என்று மட்டும் அர்த்தமில்லை. அந்த மயிரிழைக்குள் திரவம் ஏறும், துணி ஏறாது.

ஒவ்வொரு கிருமிநாசினிக்கும் ஒரு குணம் உண்டு. ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிவிடும். குறித்த நேரம் பரப்பை ஈரமாக வைத்திருப்பது கடினம், வித்துக்களைக் கொல்லாது, ரப்பரையும் அக்ரிலிக்கையும் காலப்போக்கில் கெடுக்கும். நான்மை அம்மோனியம் சேர்மங்கள் மென்மையானவை என்று பெயர் வாங்கியிருந்தாலும் பாலிகார்பனேட்டை விரிசலடைய வைப்பவை அவையும்தான். தவிர பருத்தித் துணியில் ஊறவைத்தால் துணியே மருந்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பரப்புக்குப் போவது குறைவு. வித்துக் கிருமிக்குக் குளோரின்தான் கை கொடுக்கும், 1,000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) அளவில் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் எஃகில் புள்ளிக் குழிகளை உண்டாக்கும், மேலே வெள்ளைப் படிவை விட்டுப் போகும், அழுக்கோ இரத்தமோ இருந்தால் தன் வலுவை அதிலேயே செலவழித்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு கலவைகள் படிவு விடாதவை, சில உலோகங்களோடு ஒத்துப்போகாதவை.

தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "உறைப் பொருளை அழுத்தத்தில் வளைத்துப் பிடித்த நிலையில் இந்தக் கிருமிநாசினியோடு சோதித்தீர்களா?" தட்டையான துண்டைத் திரவத்தில் ஊறவைத்துப் பார்ப்பது போதாது, உண்மையான பாகத்தில் இருக்கும் இழுவிசை அதில் இல்லை. தூசியும் தண்ணீரும் புகாத அளவைக் குறிக்கும் ஐ.பி. எண்ணைக் காட்டிச் சமாதானம் சொன்னால் ஏமாறாதீர்கள். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெளிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று பொருள். சோதிப்பது சாதாரணத் தண்ணீரில், புதுக் கருவியில். ஆயிரம் முறை கிருமிநாசினியால் துடைத்த பிறகு அதன் ரப்பர் அடைப்பு என்ன கதியில் இருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது.

படி 5: துடைக்க விட்டுப் பாருங்கள்

புற ஊதா வெளிச்சத்தில் மட்டும் ஒளிரும் ஜெல் கிடைக்கிறது. காய்ந்தால் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, ஈரத் துணியால் சரியாகத் துடைத்தால் போய்விடும். படி 3-ல் நகம் தட்டிய இடங்களில் எல்லாம் ஒரு பொட்டு வையுங்கள். சமமான பரப்பிலும் சில பொட்டுகள். அப்புறம் அன்றாடம் துடைக்கும் ஊழியரையே கூப்பிட்டு, வார்டில் இருக்கும் அதே துடைப்பானைக் கொடுத்து, வழக்கம்போலச் செய்யச் சொல்லுங்கள். எங்கே பொட்டு வைத்தீர்கள் என்று சொல்லாதீர்கள். விற்பனைப் பிரதிநிதியைத் துடைக்க விடவே விடாதீர்கள், அவருக்குப் பழக்கம் அதிகம். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் துடைத்திருந்தால் அது பயிற்சிக்கான விஷயம். மூன்று நான்கு பேர் துடைத்தும் ஒரே இடங்கள் ஒளிர்ந்தால் அது கருவியின் கோளாறு. அந்த இடங்களைப் படம் எடுத்து மதிப்பீட்டுத் தாளில் சேருங்கள். இரண்டு நிறுவனத்தின் பம்புகளை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குழுவில் அதுவரை விலையை மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

ஏ.டி.பி. மீட்டர் (உயிரணுக்களில் உள்ள ஏ.டி.பி. என்ற சேர்மத்தைப் பரப்பில் அளப்பது) இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், ஒரு எச்சரிக்கையோடு. அது எடுத்துக் காட்டுவது உயிர்ப்பொருள் எச்சத்தை. கிருமி எண்ணிக்கையை அது அளப்பதில்லை. ஒரு நிறுவன மீட்டரின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது, சில கிருமிநாசினிகளின் மிச்சம் அளவையே மாற்றிவிடும். முன்பு, பின்பு என்று ஒரே மீட்டரில் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: காற்றும் தண்ணீரும் எங்கே போகின்றன?

பரப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் உள்ளே நடப்பது கண்ணில் படாது. இதய அறுவை சிகிச்சையில் இரத்தத்தின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சூடாக்கி-குளிர்விப்பான் கருவி இதற்குச் சரியான உதாரணம். அதன் தொட்டித் தண்ணீர் நோயாளியையோ அவர் இரத்தத்தையோ தொடவே தொடாது. எனவே ஸ்பால்டிங் வகைப்படி அது மூன்றாவது வகையில் விழும், தொல்லையில்லாத கருவி. ஆனால் தொட்டியில் மைக்கோபாக்டீரியம் கைமீரா வளர்ந்தது. நீர்த்துளிகள் காற்றில் கலந்தன, கருவியின் சொந்த மின்விசிறி அதை அறுவை அரங்குக்குள் தள்ளியது, திறந்த நெஞ்சின் மேல் போய் விழுந்தது. மெதுவாக வளரும் கிருமி என்பதால் மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்துத்தான் நோய் தெரிந்தது. 2015-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது; பல நாடுகளில் நோயாளிகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். கருவியை அரங்குக்கு வெளியே வைப்பது, வெளியேறும் காற்றை நோயாளியிடமிருந்து திருப்பிவிடுவது என்று பிறகு ஏற்பாடுகள் வந்தன.

ஆகவே மின்விசிறியோ தண்ணீர்த் தொட்டியோ உள்ள எந்தக் கருவிக்கும் கேளுங்கள்: காற்று எந்தப் பக்கம் வெளியேறுகிறது? வடிகட்டியை யார், எப்போது மாற்றுவது? தொட்டியைக் கடைசிச் சொட்டு வரை காலி செய்ய முடியுமா, அல்லது அடியில் எப்போதும் கொஞ்சம் தேங்குமா?

படி 7: எவ்வளவு கழுவினாலும் தீராத வடிவமைப்பு

சிறுகுடல் முகப்புக்குள் செலுத்தும் டியோடினோஸ்கோப்பின் முனையில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. பித்தநாளத்துக்குள் கருவிகளைத் திருப்பி விட அது தேவை. அந்த நெம்புகோலின் பின்னாலும் கீல்களிலும் உள்ள நுண்ணிய இடைவெளிகளில் பிரஷ் எட்டாது. அமெரிக்காவில் மருந்துகளுக்கு மசியாத குடல் பாக்டீரியாக்கள் இப்படிப் பரவின. கழுவும் முறைகளைச் சரியாகப் பின்பற்றிய மருத்துவமனைகளிலும் பரவின. 2015-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது, 2019-ல், முனை மூடியாவது தூக்கி எறியக்கூடியதாக உள்ள மாடல்களுக்கு மாறச் சொன்னது. பயிற்சியைக் கூட்டியும், கண்காணிப்பைக் கூட்டியும் பார்த்த பிறகு, கடைசியில் வரைபடத்தைத்தான் மாற்ற வேண்டி வந்தது.

வாங்கும்போது இதைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். சுத்தம் செய்ய முடியாத பாகம் எது? அது கழன்று வருமா? ஒருமுறைப் பயன்பாட்டுக்கான மாற்று உண்டா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அதே வேலையைச் செய்யும் வேறு கருவியைத் தேடுவதே மேல்.

கிருமி எதிர்ப்புப் பூச்சு என்று வெள்ளி அயனியையோ தாமிரத்தையோ காட்டி விற்க வருவார்கள். தாமிரம் கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். அதற்கு மணிக்கணக்கில் நேரம் எடுக்கும்; கட்டில் கம்பியை அடுத்த கை தொடுவது நிமிடக் கணக்கில். மேலே அழுக்குப் படலம் இருந்தால் உலோகம் கிருமியைத் தொடவே போவதில்லை. புற ஊதா விளக்கு வண்டிகளும் அப்படித்தான்: வெளிச்சம் படும் இடத்தில்தான் வேலை, கிளாம்பின் உள்மடிப்பில் நிழல். இவற்றைக் கூடுதல் வசதியாக வாங்குவதில் தவறில்லை. மோசமான வடிவமைப்புக்கு ஈடாக வாங்காதீர்கள்.

படி 8: கருவி வந்த பிறகு

யார் துடைப்பது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். நகரும் கருவிகள்தான் இதில் அநாதைகள். மின்சாதனத்தைத் தொடக் கூடாது என்று தூய்மைப் பணியாளரிடம் சொல்லியிருப்போம். அவர்தான் துடைப்பார் என்று நர்ஸ் நினைத்திருப்பார். துடைப்பானுக்கான பெட்டியை ஸ்டாண்டிலோ வண்டியிலோ மாட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒட்டுநாடாவைத் தடை செய்யுங்கள். பசை மிச்சத்தில் அழுக்கு ஒட்டும், வழக்கமான துடைப்பில் அது எளிதில் போகாது. விரிசலை நாடாவால் மூடுவது அதைவிட மோசம்.

காலமுறைப் பராமரிப்புப் பட்டியலில் மின்சோதனையோடு பரப்புச் சோதனையையும் சேருங்கள்: பொத்தான் பலகையின் ஓரம் பிரிந்திருக்கிறதா, கேபிளின் உறை பிசுபிசுக்கிறதா, துருப் புள்ளி உண்டா, பிளாஸ்டிக் வெளுத்திருக்கிறதா. மெத்தைக்கு இன்னும் ஒரு படி மேலே போங்கள். உறையின் ஜிப்பைத் திறந்து, உள்பக்கத்தையும் பஞ்சையும் பாருங்கள். வெளியே பழுதில்லாமல் தெரியும் உறையிலும் ஊசித் துளைகள் இருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தெரியும். உள்ளே கறை இருந்தால் உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை, பஞ்சு முந்தைய நோயாளிகளின் திரவத்தைக் குடித்திருக்கிறது. மெத்தையையே கழித்துவிடுங்கள்.

கையேட்டின்படியே துடைத்தும் உறை கெட்டால், கெட்ட இடத்தின் படம், கிருமிநாசினியின் பெயர், செறிவு, எத்தனை மாதப் பயன்பாடு, ஒரு நாளைக்கு எத்தனை முறை துடைத்தது ஆகியவற்றோடு தயாரிப்பாளருக்கும் மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்புக்கும் எழுதுங்கள். நகல் ஒன்றைக் கொள்முதல் கோப்பில் வையுங்கள். அடுத்த டெண்டரில் அதே மாடல் திரும்பி வரும்போது அது தேவைப்படும்.